இறால் இருக்கும் உப்புநீர்த் தொட்டிக்கு எந்தச் சின்ன மீன்? ஐந்து மீன்களின் ஒப்பீடு

போன மாதம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி காலையிலேயே போன் செய்தார். "அண்ணே, எறால் செத்துக் கெடக்கு. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்திச்சு." போட்டோ அனுப்பச் சொன்னேன். மணல்மேல் மீசை, கால், வால் எல்லாம் முழுசாக ஒரு இறால் கிடந்தது. ஆனால் உடம்புக்குள் சதை இல்லை. தலைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு பிளவு. "அது எறால் இல்ல தம்பி, அது கழட்டிப் போட்ட சட்டை. எறால் பாறைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ரெண்டு நாள் தேடாதீங்க" என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அது தானாகவே வெளியே வந்தது.

அவர் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. மூன்றடித் தொட்டி, இரண்டு கிளீனர் இறால். இனி மீன் விட வேண்டும். கிளவுனா, ஃபயர்ஃபிஷ்ஷா, கோபியா, கார்டினலா, விலை குறைவான டாம்சலா? மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் இதே கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இறால் தோல் உரித்த இரவில் அந்த மீன் என்ன செய்யும்? ஓடு கெட்டியாக இருக்கும் நாட்களில் ஏறக்குறைய எல்லாச் சின்ன மீனும் இறாலோடு ஒத்துப்போகும். கடைத்தொட்டியில் இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வாங்கி வருகிறவர்கள் பிறகு வருந்துவது இதனால்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை அந்த ஓடு கழலும். புது ஓடு இறுகும்வரை இறால் வெறும் மெத்தென்ற சதை. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

## முதலில், உங்களிடம் இருப்பது எந்த இறால்?

கடையில் "ஷ்ரிம்ப்" என்று ஒரே பெயரில் விற்றாலும் எல்லாம் ஒன்றல்ல.

கிளீனர் இறால் (முதுகில் வெள்ளைக் கோடு, இரு பக்கமும் சிவப்பு, நீண்ட வெள்ளை மீசை) ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். மீன் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியையும் செத்த தோலையும் கொத்தித் தின்பதால்தான் இந்தப் பெயர். மீன்களுக்கும் அது தெரியும். மீசையை ஆட்டிக் கூப்பிட்டால் மீன் அருகில் வந்து வாயைத் திறந்து நிற்கும். ஃபயர் இறால் அதே அளவு, ரத்தச் சிவப்பு. கூச்ச சுபாவம், வெளிச்சம் குறைந்தால்தான் வெளியே வரும். பெப்பர்மின்ட் இறால் இன்னும் சின்னது, இரவில்தான் நடமாடும். வாலைத் தூக்கித் தூக்கி ஆடும் செக்ஸி ஷ்ரிம்ப் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. இந்த நான்கும் சாது.

கோரல் பேண்டட் இறால் வேறு ரகம். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீண்ட கொடுக்குகளோடு, பார்க்க அழகுதான். ஆனால் இரவில் தூங்கும் சின்ன மீனைப் பிடித்துவிடக்கூடியது, மற்ற இறாலையும் விடாது. அது இருக்கும் தொட்டியில் கேள்வியைத் திருப்பிப் போட்டு, இறாலிடமிருந்து மீன் தப்புமா என்று பார்க்க வேண்டும். ஹார்லிக்வின் இறால் நட்சத்திர மீனை மட்டுமே தின்னும். தொடர்ந்து நட்சத்திர மீன் வாங்கிப் போட முடியாதவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

## எதை வைத்து அளப்பது

வாயின் அளவு. மீனின் உடம்பைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். வாய்க்குள் நுழையும் எதுவும் தீனிதான். செக்ஸி ஷ்ரிம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதுவே முதல் அளவுகோல்.

குணம். வாய் சின்னதாக இருந்தாலும், இடத்துக்குச் சண்டை போடும் மீன் இறாலின் மீசையைக் கடிக்கும், தோல் உரித்ததைத் துரத்தும். ஒரு மூலையில் ஒடுங்கி, தின்ன வெளியே வராமலே மெலிந்து சாகும் இறால்களும் உண்டு.

நோய் வந்தால் என்ன மருந்து? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் வழக்கமான மருந்து தாமிரம் சேர்ந்தது. மீனைக் காப்பாற்றும் அளவு தாமிரம் இறாலைக் கொன்றுவிடும். தண்ணீரின் உப்பைச் சரிபாதியை விடக் குறைத்துச் செய்யும் வைத்தியமும் அப்படித்தான். ஒருமுறை ஊற்றிய தாமிரம் பாறையிலும் மணலிலும் தங்கி, மாதங்கள் கழித்தும் மெல்லக் கசியும். அதனால் அடிக்கடி நோய்ப்படும் மீனை வாங்குவது இறாலின் உயிரையும் பணயம் வைப்பதுதான். "கிளீனர் இறால் இருந்தால் வெள்ளைப்புள்ளி வராது" என்று சொல்வதை நம்ப வேண்டாம். அந்தக் கிருமியை இறால் தின்று ஒழிப்பதில்லை.

நம்ம ஊர்த் தண்ணீரும் கரண்டும். கடல் பக்கத்தில் இருப்பதால் கேனில் கடல்நீர் எடுத்து வந்து ஊற்றும் வழக்கம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் மணக்குடியில் பழையாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் கடலில் சேரும் பக்கங்களில் உப்பு இறங்கிவிடும். உப்பின் திடீர் ஏற்ற இறக்கத்தை மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) 1.025 காட்டாத தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். துறைமுகத்துக்குள்ளும் எடுக்காதீர்கள். டீசல் ஒரு பக்கம் இருக்கட்டும், படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் பெயின்ட்டில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட போர் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீர் மட்டும்.

கரண்டைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊரே கரையில் நின்ற நாட்கள் அவை. கம்பங்கள் சாய்ந்து தெருவெல்லாம் இருட்டு. என் தொட்டியில் அப்போது இரண்டே மீன், மூன்று இறால். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் போதுமானதாக இருந்தது. அதே அளவுத் தொட்டியில் எட்டு மீன் வைத்திருந்த என் நண்பருக்கு இரண்டாம் நாளே எல்லாம் போயிற்று. மீனைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை என்பதும் தேர்வின் பகுதிதான்.

திரும்ப எடுக்க முடியுமா? ஒத்துவராத மீனைப் பாறைகள் நிறைந்த தொட்டியிலிருந்து வலையால் பிடிக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

## கிளவுன்

பிள்ளைகள் நீமோ என்று கேட்பது இதைத்தான். தொட்டியிலேயே பொரித்து வளர்த்த ஒசெல்லாரிஸ் கிளவுன் இறாலோடு வைக்க நல்ல மீன். வாய் சின்னது. வளர்ந்த கிளீனர், ஃபயர் இறால்களை அது பொருட்படுத்துவதே இல்லை. பண்ணையில் பிறந்தது என்பதால் தூள் தீனிக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்ததை விட நோயும் குறைவு, அதாவது தாமிரத்தைக் கையில் எடுக்கும் நிலை வருவதும் குறைவு. நம் எல்லையைத் தாண்டினால் இருக்கும் விழிஞ்ஞத்திலும், மன்னார் வளைகுடாக் கரையில் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் கிளவுன் இனப்பெருக்கத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கின்றன. ஆகவே வளர்ப்புக் குஞ்சு நமக்கு எட்டாத பொருள் இல்லை. வாங்கும்போது "பிடித்ததா, பொரித்ததா" என்று கட்டாயம் கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு அதன் குடும்ப வாழ்க்கையில் இருக்கிறது. கிளவுன் எல்லாம் ஆணாகவே பிறக்கும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால், அங்கே வரும் எதையும் விரட்டும். கண்ணாடி துடைக்கப் போகும் உங்கள் கையையும் கடிக்கும். அந்த மூலையில் ஒரு அனிமோன் (கிளவுன் குடியிருக்கும், பூப்போன்ற கடல் உயிர்) இருந்து, அதில் செக்ஸி ஷ்ரிம்ப் குடியிருந்தால், இறால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நம் பக்கம் கடைகளில் கிளவுன் என்று விற்கும் சேபே கிளவுனைக் கவனித்து வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் இயற்கையாக இருக்கும் மீன் அது. ஒசெல்லாரிஸை விட நன்றாகப் பெரிதாகும், மூன்றடித் தொட்டிக்கு அதிகம். மெரூன் கிளவுன் முரட்டு மீன், இறால் தொட்டிக்கு வேண்டாம்.

*எப்போது இதுவே சரி:* கிளீனரோ ஃபயரோ இருக்கும், முதல்முறை உப்புநீர் வைக்கும் வீட்டுக்கு.

## ஃபயர்ஃபிஷ்

முன்பாதி வெள்ளை, வால் நெருப்புச் சிவப்பு, முதுகில் கொடிபோல் நிமிர்ந்த ஒரு துடுப்பு. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். இறாலுக்கு இதைவிடச் சாதுவான அண்டைவீட்டுக்காரர் கிடைப்பது கடினம். செக்ஸி ஷ்ரிம்போடும் விடலாம்.

சிக்கல் ஒன்றுதான்: பயந்தால் துள்ளும். கரண்ட் போய் விளக்கு சட்டென அணைந்தால் போதும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். நம் ஊரில் கரண்ட் போகாத மாதம் ஏது? கண் சிறிய வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடி போட்ட பிறகுதான் இந்த மீனை வாங்க வேண்டும். கண்ணாடி மூடி போட்டால் வெயில் காலத்தில் சூடு அடைபடும். வலை என்றால் மேலே ஒரு மின்விசிறியும் வைக்கலாம், தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஜோடி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஒன்றே ஒன்று விடுங்கள். இரண்டு விட்டால் ஒன்று மற்றதை வாழவிடாது.

*எப்போது இதுவே சரி:* கூச்ச சுபாவமுள்ள சின்ன இறால்கள் இருக்கும், சண்டைக்கார மீனே இல்லாத தொட்டிக்கு.

## கோபி

என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன்.

வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும் ஒரே வளையில் குடியிருக்கும். இறாலுக்குக் கண் மந்தம், வளை தோண்டுவது அதன் வேலை. கோபிக்குக் கண் கூர்மை, வாசலில் காவல் நிற்பது அதன் வேலை. இறால் மண்ணை அள்ளி வெளியே கொட்ட வரும்போது ஒரு மீசையை மீனின் உடம்பிலேயே வைத்திருக்கும். ஆள் நிழல் பட்டால் கோபி வாலை ஒருமுறை அதிர வைக்கும். அடுத்த நொடி இரண்டும் உள்ளே. என் தொட்டியின் முன் ஸ்டூல் போட்டு, மூச்சைக் கூட மெதுவாக விட்டு, அந்த மீசை மீனின் வால்பக்கத்தில் படிந்திருப்பதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். மீனையும் இறாலையும் ஒன்றாக வளர்க்க ஆசைப்படுகிறவர் பார்க்க வேண்டிய காட்சி இது.

இதற்கான செலவு தரையில் இருக்கிறது. மூன்று அங்குலம் மணல் வேண்டும், நைசும் பருமனும் கலந்தது. பிஸ்டல் இறால் ஓயாமல் தோண்டும். மணல்மேல் வைத்த பாறை ஒருநாள் சரிந்து, கண்ணாடி உடையவோ மீன் நசுங்கவோ செய்யும். பாறையை முதலில் கண்ணாடித் தளத்தில் உட்கார வைத்து, அப்புறம் மணல் போடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை அழகுக்காகப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் அது; பைகளில் வரும் அராகோனைட் (சுண்ணாம்பு) மணலே போதும். கரையில் கிடைக்கும் பவளக்கல்லையும் எடுக்காதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கடல்குதிரையும் அப்படியே.

இன்னொரு எச்சரிக்கை: மஞ்சள் வாட்ச்மேன் கோபி பத்து சென்டிமீட்டர் வரை வளரும், வாயும் அகலம். கிளீனருக்கு ஆபத்தில்லை, செக்ஸி ஷ்ரிம்புக்கு ஆபத்து. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத நியான் கோபி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதுவும் மீன்களைச் சுத்தம் செய்யும் ரகம், எந்த இறாலையும் தொடாது.

*எப்போது இதுவே சரி:* தொட்டியை இனிமேல்தான் கட்டப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஓடும் தொட்டியில் மணலைக் கிளறிப் புதிதாகப் போடுவது நல்லதல்ல.

## கார்டினல்

பங்காய் கார்டினல் கருப்பு வெள்ளைப் பட்டையோடு, அசையாமல் நிற்கும் அழகு மீன். இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கு மட்டுமே உரியது, அளவு மீறிப் பிடித்ததில் அங்கேயே அருகிவிட்டது. அதனால் பொரித்து வளர்த்ததை மட்டும் வாங்குங்கள். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் எதுவும் தின்னாது.

குணத்தில் சாது. ஆனால் வாயைத் திறக்கும்போது பாருங்கள், தலையில் பாதி வாய்தான். வளர்ந்த கிளீனரை ஒன்றும் செய்யாது, செக்ஸி ஷ்ரிம்பை விழுங்கிவிடும். கிளீனர் குஞ்சு விடும் இரவில் விளக்கை அணைத்தபின் டார்ச் அடித்துப் பார்த்தால், தூசிபோல் மிதக்கும் குஞ்சுகளைக் கார்டினல் ஒவ்வொன்றாக எடுப்பது தெரியும். வருத்தப்பட வேண்டாம், சாதாரணத் தொட்டியில் அந்தக் குஞ்சுகள் எப்படியும் பிழைக்காது.

ஐந்தாறாக வாங்காதீர்கள். வளர்ந்தபின் ஜோடி மட்டும் மிஞ்சும், மற்றவை அடிபட்டுச் சாகும்.

*எப்போது இதுவே சரி:* பெரிய இறால், மெதுவான நீரோட்டம், அமைதி பிடிக்கிறவர்கள்.

## டாம்சல், குரோமிஸ்

கடையில் இருப்பதிலேயே விலை குறைவு, எதையும் தாங்கும். ஆனால் பட்டைபோட்ட டாம்சலும் டாமினோவும் வளர வளரத் தொட்டியையே சொந்தமாக்கிக்கொள்ளும். இறாலின் மீசையைக் கடிக்கும், பிறகு வரும் மீனை நுழையவிடாது. ஒன்றைப் பிடித்து எடுக்கப் பாறை முழுவதையும் இறக்க வேண்டும். அந்தக் கலங்கலில் இறால் நொந்துபோகும். புதுத் தொட்டியைப் பக்குவப்படுத்த (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர) டாம்சல் விடும் பழைய வழக்கத்தையும் கைவிடுங்கள். அம்மோனியாவில் மீனை வாட்டத் தேவையில்லை, ஒரு துண்டுக் கணவாய் அழுகினாலே அந்த வேலை நடக்கும்.

பச்சை குரோமிஸ் இவற்றில் நல்லது, இறாலைத் தொடாது. ஆனால் கூட்டமாக விட்டால் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும்.

*எப்போது இதுவே சரி:* நாலடிக்கு மேற்பட்ட தொட்டியில் குரோமிஸ் மட்டும்.

## ஒரே பார்வையில்

| மீன் | கிளீனர், ஃபயர் இறாலோடு | செக்ஸி ஷ்ரிம்போடு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஒசெல்லாரிஸ் கிளவுன் | நன்று | அனிமோன் இருந்தால் தகராறு | ஜோடியானதும் இடத்துக்குச் சண்டை |
| ஃபயர்ஃபிஷ் | மிக நன்று | நன்று | வலை மூடி கட்டாயம் |
| வாட்ச்மேன் கோபி | நன்று | ஆபத்து | மணல், பாறை அமைப்பு |
| நியான் கோபி | மிக நன்று | நன்று | எளிதில் கிடைக்காது |
| பங்காய் கார்டினல் | நன்று | வேண்டாம் | ஜோடியைத் தவிர மற்றவை மிஞ்சாது |
| டாம்சல் | வேண்டாம் | வேண்டாம் | எடுக்கப் பாறையைக் கலைக்க வேண்டும் |
| குரோமிஸ் | நன்று | பரவாயில்லை | பெரிய தொட்டி |

## பட்டியலில் வராதவை

ஹாக்ஃபிஷ், டாட்டிபேக், டிரிக்கர், பஃபர், லயன்ஃபிஷ் எதுவும் இறாலோடு வேண்டாம். ஆறுகோட்டு ராஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நானே விட்டேன். பாறையில் தட்டைப்புழு வந்திருந்தது, இந்த மீன் அதைத் தின்னும் என்று வாங்கினேன். இறாலோடு இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். ஐந்து மாதம் இருக்கவும் செய்தது. ஒருநாள் காலையில் கிளீனரின் ஓடு மணலில் கிடந்தது. பக்கத்தில் ராஸ் பாறை இடுக்கில் தலையை விட்டு எதையோ பிய்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை பம்பின் வலையில் இரண்டு வெள்ளை மீசை மட்டும் ஒட்டியிருந்தது. மூன்று வருஷம் என் கையில் ஏறி நகத்தைச் சுத்தம் செய்த இறால் அது. தோல் உரிக்கும் இரவை முதல் அளவுகோலாக நான் வைப்பது அன்றிலிருந்துதான்.

## தக்கலைத் தம்பிக்குச் சொன்னது

மூன்றடித் தொட்டி, இரண்டு கிளீனர் என்பதால் ஒரு ஃபயர்ஃபிஷ், அப்புறம் ஒசெல்லாரிஸ் ஒரு ஜோடி. மொத்தம் மூன்றே மீன். வரிசையும் முக்கியம்: இறால் முதலில், ஃபயர்ஃபிஷ் அடுத்து, கிளவுன் கடைசியில். ஒவ்வொரு மீனும் தனித் தொட்டியில் நான்கு வாரம் இருந்துவிட்டு வரட்டும். மருந்து கொடுப்பதானால் அங்கேயே கொடுங்கள். அந்தத் தொட்டியின் வலையும் குழாயும் பெரிய தொட்டிப் பக்கம் வரவே கூடாது.

இரண்டடித் தொட்டியில் செக்ஸி ஷ்ரிம்ப் வைத்திருக்கும் இன்னொருவருக்கு ஒரு நியான் கோபி, கிடைக்காவிட்டால் ஒரு ஃபயர்ஃபிஷ், அதோடு நிறுத்தச் சொன்னேன்.

எந்த மீன் விட்டாலும், கையளவு கற்களை நெருக்கி அடுக்கி, இறால் மட்டும் நுழையும் இடுக்கு இரண்டு மூன்று வையுங்கள். தீனிக்குச் சந்தையில் வாங்கும் பச்சை இறாலைப் போட வேண்டாம். அதில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கக்கூடும், உறைய வைத்தாலும் சாகாது. மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு, இது இறாலைக் கொல்வது. கணவாயையோ சிப்பிச் சதையையோ பொடியாக நறுக்கிப் போடுங்கள். மீன் வயிறு நிறைந்திருந்தால் இறால் பக்கம் திரும்புவதும் குறையும். காலையில் மணலில் ஓடு கிடந்தால் உடனே எடுத்துப் போடாதீர்கள். இறால் வெளியே வந்து அதையே கொஞ்சம் கொறிக்கும். அன்றைக்கு விளக்கைத் தாமதமாகப் போடுங்கள், தொட்டிக்குள் கை விடாதீர்கள்.